இரண்டாம் மாடியில் செவ்வாய்க்கிழமை

தகடு வேலைக்காரர்கள் வீட்டின் இரண்டாம் மாடியில், சின்னவளுடைய அறையில் மட்டும், பத்து வருடங்களுக்கு மேலாகச் செவ்வாய்க்கிழமையாகவே இருந்துவந்தது. தினமும் மாலை நாலு மணிக்கு அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே மட்டும் மழை பிடித்துப் பெய்து, சற்று நேரத்தில் விட்டுவிடும். அப்போது தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். முதலில் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு பக்கத்துப் பால்கனிக்காரி தன் செடித் தொட்டிகளைச் சாரல் படும் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள், அத்தோடு பேச்சு முடிந்தது. தெரு முழுக்கப் பழகிவிட்ட அந்த விஷயத்துக்குப் பழகாதவள் ஒருத்திதான். அவள் அதே வீட்டின் முதல் மாடியில் இருந்தாள்.

கீழே பட்டறை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் பெரிய கட்டடங்களின் ஏசிக்குக் காற்றுக் குழாய் செய்கிறவர்கள். நேர்க்குழாயை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். சதுரமாகக் கிளம்பி, வளைந்து, வட்டமாகப் போய் முடிகிற குழாய்தான் வேலை வாங்கும். அதைப் பிரித்துத் தட்டையாக விரித்தால் தகடு எந்த வடிவத்தில் இருக்கும் என்று முன்பே வரைந்து கொடுக்க வேண்டும். அண்ணன் மனைவி பெரியவளும் தம்பி மனைவி சின்னவளும் ஆளுக்கொரு டேப்லெட் வைத்துக்கொண்டு அந்த வெட்டு வரைபடங்களைப் போட்டுக் கொடுத்தார்கள். இதற்கென்றே ஒரு செயலி இருந்தது. விரலால் குழாயை வளைத்துக் காட்டினால் போதும், தகட்டை அதுவே விரித்துக் கொடுக்கும். கொடுத்ததைத் திருத்தி, மடிப்புக்கு இடம் விட்டு, அம்புக்குறி போட்டு முடிப்பதில் பெரியவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் எதிலும் ஒழுங்கு. டேப்லெட்டைத் துடைத்து உறையில் போடுவாள், சார்ஜ் இறங்க விடமாட்டாள், அப்டேட் வந்தால் அந்த நிமிடமே போட்டுவிடுவாள். சின்னவளோ படுத்தால் எழுந்திருக்க மாட்டாள், எழுந்தால் படுக்க இடம் தேடுவாள். அவளுடைய டேப்லெட் தலையணைக்கு அடியிலோ துவைக்கப் போட்ட துணிக்கு நடுவிலோ கிடக்கும்.

அந்தச் செயலியைச் செய்தவர்கள் அதை நிறுத்தப்போவதாக ஒரு நாள் தகவல் வந்தது. இத்தனை நாள் கூட இருந்ததற்கு நன்றி என்றும், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து திறக்காது என்றும் இரண்டே வரி. அதன்படியே முதல் தேதி காலையில் பெரியவளின் டேப்லெட் வெள்ளைத் திரையைக் காட்டியது. அவள் வரைந்து சேர்த்தது அத்தனையும் அந்த வெள்ளைக்குப் பின்னால் போய்விட்டது. சின்னவளின் டேப்லெட் அப்போது சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. இரண்டு நாள் கழித்து அவள் வயரைச் சொருகியபோது அது போன வருடத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் தேதியோடு கண் விழித்தது. திருத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அப்டேட் போடுகிற பழக்கம் அவளுக்கு என்றைக்குமே இல்லை. தனக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று நம்பிய செயலி எப்போதும்போல் திறந்துகொண்டது. தேதி விஷயத்தில் டேப்லெட் ஒன்று சொல்ல, உலகம் ஒன்று சொல்ல, நடுவில் மாட்டிக்கொண்டது அறைதான். சின்னவளைப் போலவே அந்த அறைக்கும் யாரோடும் மல்லுக்கு நிற்கிற சுபாவம் கிடையாது. பக்கத்தில் இருந்த டேப்லெட் சொன்னதையே அது ஒப்புக்கொண்டது.

டேப்லெட் ரிப்பேர்க்காரர் வந்து இரண்டையும் பார்த்தார். சின்னவளுடையதன் திரையைத் தொடாமலே மேசையில் வைத்துவிட்டு, “இதுல தேதியை மட்டும் யாரும் மாத்திடாதீங்க. மாத்தினா மொத்தமா வந்து சேரும்,” என்றார். என்ன வந்து சேரும் என்று யாரும் கேட்கவில்லை. அறைக்குள் வைத்த பால் திரியாததையும் சின்னவளின் நகம் வளராததையும் எல்லோரும் கவனித்திருந்தார்கள். பெரியவளுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இழவு வீட்டில் பேசுகிற குரலில், “நீங்க ஒழுங்கா அப்டேட் பண்ணிட்டீங்களேம்மா,” என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பெரியவள் சாகும்வரை மன்னிப்பதாக இல்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் வாங்கி, வேறொரு மென்பொருளோடு மாதக்கணக்கில் மாரடித்தாள். அதற்கு விரலால் சொன்னால் புரியவில்லை, எல்லாவற்றையும் எண்ணாகக் கொடுக்கவேண்டியிருந்தது. ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு அவள் போட்ட வளைவு, வெட்டி மடித்துத் தூக்கிப் பார்த்தபோது கூரையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தகடு அத்தனையும் பாழ். அவளுடைய கணவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “இனிமே அவளே போடட்டும், நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு,” என்றார். அன்றிலிருந்து வேலையெல்லாம் இரண்டாம் மாடிக்குப் போயிற்று. பெரியவளின் கைக்குப் பசை டப்பாவும் வெள்ளி டேப்பும் வந்தன. குழாய்கள் சேரும் இடங்களில் பூசி ஒட்டி, காற்று எங்கே கசிகிறது என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது அவள் வேலை. அந்த மாடிப்படியில் இனி கால் வைப்பதில்லை என்று அவள் அன்றே முடிவு செய்துகொண்டாள். செய்தால் செய்ததுதான்.

பிறகு வந்த வருடங்களில் அவளுக்கு வயிறு எரிந்தது. இதை மென்று விழுங்கிச் சொல்வதில் அர்த்தமில்லை, எரிந்தது. சின்னவள் சாப்பிடவும் குளிக்கவும் மட்டுமே அறையைவிட்டு வருவதால் அந்த நேரத்துக்கு உண்டான வயதுதான் அவளுக்கு ஏறிற்று. பெரியவளுக்கு முன்நெற்றி முடி நரைத்து, மூட்டு வலி வந்து, கண்ணாடியும் வந்தபோது சின்னவள் அதே கருகருவென்ற பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு கொட்டாவி விட்டாள். சோம்பேறிக்கு இளமை, உழைத்தவளுக்குச் சாயப் புட்டி என்று பெரியவள் மனதுக்குள் பொருமினாள். காலையில் வேலை கொடுத்தாலும் மதியம் கொடுத்தாலும் தாள் சாயங்காலம் இருட்டிய பிறகுதான் கீழே வரும். தூங்கி வழிந்துவிட்டுக் கடைசியில் கிறுக்குகிறாள் என்று நினைத்துத் தாளைப் பிரித்தால், ஒரு குறை சொல்ல இடமிருக்காது. அதைவிட மோசம், மடிப்புக் கோட்டுக்கு அம்புக்குறியை வலமிருந்து இடமாகப் போட்டிருக்கும். அது பெரியவளின் பழக்கம். என் கையையும் திருடிக்கொண்டுவிட்டாள் என்று அவள் தாளை மடித்துத் தூர வைப்பாள். ஒருமுறை ஆற்றாமையில் கொழுந்தனிடமே வாயைவிட்டாள்.

“உன் பொண்டாட்டி அப்படி என்னதான் பண்றா மேல?”

“என்னைக் கேட்டா? நீங்கதான் அண்ணி தினமும் கூடவே உக்காந்திருக்கீங்க.”

குத்திக்காட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டு பெரியவள் அவனோடு ஒரு மாதம் பேசவில்லை. எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை, அவன் கேட்கவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் உச்சமாக ஒரு நாள், புதுக் கட்டடம் ஒன்றின் என்ஜினியர் பட்டறைக்கு வந்திருந்தார். அதிசயமாகச் சின்னவளும் தண்ணீர் பாட்டிலோடு கீழே வந்தாள். இவள்தான் வரைகிறவள் என்று சொன்னதும் அவர் பசை பூசிக்கொண்டிருந்த பெரியவளிடம் திரும்பி, “பொண்ணு அருமையா வரையறாங்கம்மா. நல்லா வளர்த்திருக்கீங்க,” என்றார். பட்டறையே சிரித்தது. பெரியவளின் கணவரும் சிரித்தார். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. அதுவும் பெரியவளுக்கு இளக்காரமாகவே பட்டது.

அன்று நாலு மணி வாக்கில் அவள் கையைக் கழுவிவிட்டு மாடிப்படி ஏறினாள். அறைக்குள் போவது, டேப்லெட்டை எடுப்பது, தேதியை இன்றைக்குக் கொண்டுவருவது. அவ்வளவுதான் திட்டம். மொத்தமாக வந்து சேரட்டும். நரை, மூட்டு வலி, கண்ணாடி, எல்லாம் ஒரே தவணையில் சின்னவள் தலையில் இறங்கட்டும். பட்டறைக்கு வரைபடமே இல்லாமல் போனாலும் போகட்டும். இந்த நேரத்தில் சின்னவள் எப்படியும் தூங்கிக்கொண்டிருப்பாள் என்று கதவைத் தள்ளினாள்.

ஜன்னலில் மழை பெய்துகொண்டிருந்தது. சின்னவள் கட்டிலில்தான் இருந்தாள், ஆனால் விழித்திருந்தாள். டேப்லெட் அவளிடம் இல்லை. அது ஜன்னலோர நாற்காலியில், இன்னொருத்தியின் மடியில் இருந்தது. அவள் நீலப் புடவை கட்டியிருந்தாள். அந்தப் புடவையை எண்ணெய் துடைக்கத் துண்டு துண்டாகக் கிழித்துப் பட்டறையில் போட்டது பெரியவளே. மடியில் குனிந்திருந்த முகமும் பெரியவளுடையதுதான், நரைக்கு முந்தையது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“யாருடி இவங்க? எங்க அம்மா சாயலாவே இருக்காங்க,” என்று சின்னவளிடம் கேட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

“இப்படி உக்காருங்க அக்கா,” என்று சின்னவள் பெரியவளுக்குக் கட்டிலில் இடம் விட்டாள். “அன்னைக்கு நாலு மணிக்கு நீங்க மேல வந்தீங்கல்ல. நான் ஒரு வளைவைக் கோணலா போட்டு வச்சிருந்தேன். தள்ளுடின்னு பிடுங்கி நீங்களே போட்டீங்க. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் இது. மழை வந்தா நாற்காலியில அவங்களும் வந்துடுவாங்க. அன்னன்னைக்கு வர்ற வேலையை முன்னாடி வச்சிடுவேன். கோணலா இருந்தா அவங்களுக்குத்தான் பொறுக்காதே.”

“அப்ப இத்தனை வருஷமா...”

“எனக்கு எங்கக்கா இதெல்லாம் வரும்? உங்க வேலையை உங்ககிட்டதானே குடுத்தேன்.”

“சொல்றதுக்கென்ன உனக்கு?”

“நீங்க படி ஏற மாட்டேன்னுட்டீங்க. கீழ ஒருத்தர் கோவமா இருக்காங்க, போய்ச் சொல்லலாமான்னு நாற்காலியில இருக்கிற இவங்களையே கேட்டேன். அவ கோவக்காரி, வாயைக் குடுத்து மாட்டிக்காதேன்னு சொல்லிட்டாங்க.”

கொழுந்தன் பாவம், கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறான். அண்ணிக்கு இந்த நாற்காலியில் மட்டும் வயது ஏறவில்லை என்பது அவன் கண்ணில் படவில்லை. பெரியவளோ அதையெல்லாம் நினைக்கும் நிலையில் இல்லை. அவள் நாற்காலியில் இருந்தவளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு வேகம், எவ்வளவு திமிர். அந்தக் கை எந்த ஆஸ்பத்திரி வளைவையும் கெடுத்ததில்லை. அதனிடம் யாரும் ரெஸ்ட் எடு என்று சொன்னதில்லை. சின்னவள் மீது பத்து வருடம் எரிந்த வயிறு இப்போது இவளைப் பார்த்து எரிந்தது, முன்னைவிட அதிகமாக. என் இடத்தைப் பிடுங்கிக்கொண்டவள் இவள்தான். தேதியை மாற்றினால் இவளும் போய்விடுவாள். பெரியவள் நாற்காலி அருகே போய், “கொஞ்சம் இப்படிக் குடு,” என்று டேப்லெட்டுக்குக் கை நீட்டினாள்.

“இருங்கம்மா, இந்த மடிப்பு முடியட்டும்,” என்றாள் அவள், தலை நிமிராமல்.

பெரியவள் குனிந்து அந்த மடிப்பைப் பார்த்தாள். பார்த்ததும் கை நின்றுவிட்டது. “மடிப்பை வெளி வளைவுல வைக்காதே. காத்து அங்கதான் போய் மோதும். ரெண்டே மாசத்துல பசை விட்டுக் கசியும். உள் வளைவுக்கு மாத்து,” என்றாள்.

“செயலி வெளியிலதான் காட்டுது.”

“செயலி கையை வச்சுப் பார்த்துச்சா?”

நாற்காலியில் இருந்தவள் திரையில் அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்தாள். கோட்டை அழித்தாள். உள்பக்கமாக வரைந்து, திருப்பிப் பார்த்து, சரிதான் என்று அவளுக்கே தெரிந்தபோது உதட்டை ஒருமாதிரி மடித்துக்கொண்டு பெரியவளை ஏற இறங்கப் பார்த்தாள். அது என்ன பார்வை என்று பெரியவளுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பத்து வருடமாகக் குளியலறைக் கண்ணாடியில் அவள் பார்த்துவந்த பார்வைதான் அது. அவளுக்கு வயிறு குளிர்ந்தது. தேதியை மறந்துவிட்டு, கட்டிலில் சின்னவளைத் தள்ளி உட்காரச் சொல்லிக் காலை நீட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்குப் பெரியவள் பசை டப்பாவை மூடிவைத்துவிட்டு மேலே போகிறாள். நாற்காலியில் இருப்பவளுக்கு முந்தின நாள் எதுவும் நினைவில் நிற்பதில்லை. அம்மா சாயல் என்று தினமும் அதே வாக்கியத்தைச் சொல்கிறாள், தினமும் மடிப்பை வெளிப்பக்கமே வைக்கிறாள், தினமும் பெரியவள் திருத்த, தினமும் உதட்டை மடித்துக்கொள்கிறாள். முதலிலேயே சொல்லிவிட்டால் அழித்து வரைகிற வேலை மிச்சம் என்று சின்னவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவள் வரைந்து முடிக்கட்டும் என்று பெரியவள் சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் குழாய்கள் கசிவதில்லை. பக்கத்துப் பால்கனிச் செடிகளும் நன்றாகவே வந்திருக்கின்றன.