ஏ ஏ ஏ, இருபத்தாறு குறைவு

சலவை இயந்திரத்தில் ஊற்ற வேண்டிய சாஃப்ட்னரை நான் கோல்ஃப் இயந்திரத்தின் மேல் ஊற்றிவிட்டேன். கண் ஒரு திசை, கை ஒரு திசை என்பது எனக்குப் பிறவியிலேயே வந்தது. கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவன் திரையில் ஓடுகிற விளையாட்டை வாய்பிளந்து பார்க்கலாமா? பார்த்தேன். மூடி கழன்றது. நீலமாக, கொழகொழவென்று, வாசனையாக அரை கேன் காலி.

சலவைக்கடை அத்தானுடையது. துணி சுற்றி முடியும்வரை வாடிக்கையாளர்கள் கொட்டாவி விடாமல் இருக்கட்டும் என்று மூலையில் அந்த இயந்திரத்தை வைத்திருந்தார். ஆளுயரப் பெட்டி, மேலே திரை, கீழே பலகையில் பாதி புதைந்த வெள்ளைப் பந்து. பந்தை உள்ளங்கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்கு உருட்டினால் திரையில் தொப்பிக்காரன் மட்டையை வீசுவான். மொத்தம் பதினெட்டுக் குழி. மற்ற ஆட்டங்களில் எண் ஏற ஏற மரியாதை. இதில் இறங்க இறங்க மரியாதை. ஒரு ஆள் இத்தனை அடியில் முடிக்கலாம் என்று இயந்திரமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதைவிட எத்தனை அடி குறைவு என்பதுதான் பெருமை.

அத்தான் பதினான்கு குறைவு. கடையின் சாதனை அதுதான். துணி போட வருகிறவர்கள் அவரை "சாம்பியன்" என்றே கூப்பிடுவார்கள். நான் ஒன்பது கூடுதல். என்னைக் கூப்பிடுவது, "ஏய், பாத்து!"

கையில் கிடைத்த துண்டால் பந்தைத் துடைத்தேன். அது துணி போட வந்திருந்த ஒரு டீச்சரின் துண்டு.

"பரவால்ல, எப்படியும் தோய்க்கத்தானே போட்டேன்" என்றார் டீச்சர்.

இஸ்திரி மேசையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "செத்துப் போச்சாடா?"

"இல்லக்கா. மூச்சு இருக்கு."

"அவர் வர்றதுக்குள்ள ஆடிப் பாரு. ஏதாவது ஆகியிருந்தா நான் அம்மா வீட்டுக்குப் போயிட்டேன்னு சொல்லிடு."

ஆடினேன். துடைத்தும் பந்து கைக்குள் விலாங்கு மீன் மாதிரி நழுவியது. வழக்கமாக ஈ அடிப்பது போலப் பளாரென்று அடிக்கிறவன், அன்று பயத்தில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவன் போல அழுத்திப் பிடித்து மெல்ல உருட்டினேன். முதல் குழியில் இரண்டே அடி. அடுத்ததிலும் அப்படியே. ஐந்தாவது குழியில் தொப்பிக்காரன் அடித்தது மரத்தில் பட்டு, பாறையில் பட்டு, நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. ஒரே அடி! டீச்சர் கைதட்டினார். துணி எடுக்க வந்த டாக்சி டிரைவர், வண்டி நடுத்தெருவில் நிற்பதை மறந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். வெளியே ஹாரன் சத்தம். உள்ளே யாரும் மூச்சுவிடவில்லை. அக்காவின் இஸ்திரிப்பெட்டிக்கடியில் யாருடைய காலரோ கருகிக்கொண்டிருந்தது.

பதினெட்டாவது குழி முடிந்ததும் திரையில் வாணவேடிக்கை. இருபத்தாறு குறைவு.

பெயர் போடச் சொல்லிக் கேட்டது. மூன்று ஆங்கில எழுத்து. பந்தை உருட்டித்தான் எழுத்தைத் தேட வேண்டும். ஜெயித்த குஷியில் அழுத்திப் பிடிக்க மறந்துவிட்டேன். பந்து வழுக்கியதே தவிர எழுத்து நகரவில்லை. நேரம் முடிந்து அதுவாகவே பதிந்துகொண்டது: ஏ ஏ ஏ. வாழ்க்கையில் முதல்முறை முதலிடம், அதிலும் யாரையோ தெருவில் கூப்பிடுகிற மாதிரி ஒரு பெயர்.

அத்தான் வந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"என்ன வாசனை?"

சொன்னேன்.

"ஓ" என்றார். அந்த ஒற்றை எழுத்தில் என் சாதனை கரைந்து சாக்கடையில் போனது.

பந்தைக் கழற்றி, கழுவி, உலர்த்தி மாட்டினேன். மறுபடி ஆடினேன். ஒன்பது கூடுதல். இன்னொரு முறை, பதினொன்று கூடுதல். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஆடியது நானா, சாஃப்ட்னரா?

சிரிக்காதீர்கள். நான் சிந்தியதற்கும் உடைத்ததற்கும் கிழித்ததற்கும் வீட்டில் ஊரறிந்த சாட்சிகள் உண்டு. உருப்படியாகச் செய்ததாக இந்த ஒன்றுதான் இருந்தது. அதுவும் அரை கேன் நீலத் திரவத்தின் புண்ணியம் என்றால் எனக்கென்று என்ன மிச்சம்?

டிரைவரிடம் கேட்டேன்.

"நீங்க கேட்டா நீங்க. சாம்பியன் கேட்டா சோப்பு. எனக்கு சட்டை வெள்ளையா வரணும் தம்பி."

டீச்சர் யோசித்தார். "ரெண்டும் சேர்ந்துன்னு வச்சுக்கலாமே?" பிள்ளைக்குப் பாதி மதிப்பெண் போடுகிற முகம்.

அக்காவிடம் போனேன். "அக்கா, உண்மையைச் சொல்லு."

"உண்மை என்னன்னா, அந்தப் போர்வையோட அந்த முனையப் பிடி."

கடைசியாக அத்தானிடமே. அவர் ஒரு சட்டையை உதறிக்கொண்டே, "பாக்கலாம் மாப்ளே, காயட்டும்" என்றார். எது காய வேண்டும் என்று கேட்டால் ராகம் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் எதையும் கொட்டவில்லை. அவ்வளவு சோர்வு.

ஒரு காலை கடை திறக்கப் போனால் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. திருடனோ என்று குனிந்து பார்த்தேன். அத்தான். கோல்ஃப் இயந்திரத்தின் முன், முழங்கை வரை நீலம் சொட்டச் சொட்ட, நெற்றி வியர்வையோடு. காலடியில் சாஃப்ட்னர் கேன். கடை முழுக்க அந்த வாசனை.

"அத்தான்?"

துள்ளித் திரும்பியவர் உடம்பால் திரையை மறைத்தார். நல்ல அகலமான மனிதர்தான், ஆனால் திரை அதைவிட அகலம். முப்பத்தொன்று கூடுதல்.

"கேன் கவிழ்ந்துடுச்சு" என்றார்.

"பந்து மேலயா?"

"ஆமா."

"அது என் வேலை இல்லியா அத்தான்?"

சிரிப்பை அடக்க முடியாமல் கேனை உதைத்துத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "அக்காகிட்ட சொல்லாதே. மூணு நாளா காலையில வந்து ஊத்தி ஊத்திப் பாக்கறேன்."

டீச்சரின் துண்டு இன்னும் அலமாரியில்தான் இருந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"அப்ப சொல்லுங்க. சுத்தி வளைக்காம. அன்னிக்கு ஆடினது சோப்பா, நானா?"

கையை விரல் விரலாகத் துடைத்தார். திரையில் மேலே ஏ ஏ ஏ மின்னியது. அதற்குக் கீழே அவருடைய பதினான்கு.

"சோப்பு போட்டா பந்து வழுக்குது, சுத்தவே மாட்டேங்குது. என்னால பத்தடி தூரம்கூட அடிக்க முடியல" என்றார் அத்தான். "நீதான்டா ஆடினே."