கலந்துபோன மூடிகள்

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் டாக்ஸியின் எஞ்சின் ஈரப்பலா மரத்தடியில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. மெக்கானிக் வேறு யாருமில்லை, என் மனைவி சேலாவின் தம்பி பெலெனாதோதான். செவ்வாய்க்கிழமை அவன் நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்க விமானம் ஏறுகிறான். போனால் மாதக்கணக்கில் தலை காட்டமாட்டான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஸ்பானரைத் தொட முடியாது. திங்கட்கிழமை ஒரே நாளில் எல்லாவற்றையும் திரும்பப் பூட்ட வேண்டுமானால் பிஸ்டன்கள் இன்றைக்கே வெளியே வந்தாக வேண்டும்.

சேலாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் தலைநகர் ஆப்பியாவில் டயாலிசிஸ். கார் படுத்ததிலிருந்து பஸ்ஸில்தான் போய்வருகிறோம். பலகை இருக்கை, மலைப்பாதை, காதைப் பிளக்கும் பாட்டு. திரும்பி வரும்போது ஜன்னலில் தலையை நீட்டி வாந்தியெடுப்பாள். சீக்கிரம் காரை எழுப்பி அவளை அந்தப் பஸ்ஸிலிருந்து மீட்டுவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே நினைப்பு.

பெலெனாதோ நிதானக்காரன். அந்த நிதானத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிலிண்டர் வாயில் தடித்திருந்த விளிம்பை ஆற அமரச் சுரண்டி எடுத்தான். பிறகு எண் குத்தும் உளியைக் காணோம் என்றான். ஊர்க்கோடியில் ஒருவனிடம் இருக்கிறதாம்.

"பிஸ்டன் ராடும் அதோட மூடியும் புருஷன் பொண்டாட்டி மாதிரி மச்சான். ஜோடி மாறினா எஞ்சின் கடிச்சுக்கும். நான் வந்து நம்பர் குத்தறவரைக்கும் எதையும் கழட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போனவன் போனவன்தான். பயணம் போகிற பையன் என்று ஒரு கோப்பை கொக்கோவைக் கையில் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. எத்தனை நேரம்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது? ஸ்பானரை எடுத்தேன்.

ராடைச் சுழல்தண்டான கிராங்க்கோடு சேர்த்துப் பிடித்திருக்கும் மூடியின் நட்டுகளைக் கழற்றினேன். மூடியை எடுத்ததும், கிராங்க் கீறாமலிருக்க ராடின் போல்ட்டுகளில் ரப்பர் குழாய்த் துண்டுகளை மாட்டினேன். சுத்தியலின் மரப்பிடியால் தட்டித் தள்ளினால் பிஸ்டன் மறுபக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. இதற்கா இவ்வளவு பீடிகை? நான்கையும் அட்டையில் வரிசையாக வைத்தேன், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதனதன் மூடி. எண் இல்லாவிட்டால் என்ன, வரிசை இருக்கிறதே.

அப்போது மணி அடித்தது. மணி என்றால் தேவாலயத்தின் முன்னால் தொங்கும் காலி கேஸ் சிலிண்டர். மாலை ஜெபத்துக்கு அது ஒலித்துவிட்டால் ஊரில் எவனும் வேலை செய்யக்கூடாது, சாலையில் நடக்கக்கூடாது. வேட்டியும் தடியுமாக இளவட்டங்கள் காவலுக்கு வந்துவிடுவார்கள். போன மாதம்தான் இதற்காக ஒரு பன்றி அபராதம் கட்டியிருந்தேன். வேலி ஓரம் அவர்கள் தலை தெரிந்தது. அட்டையிலிருந்த அத்தனையையும் ஒரே வாரில் பக்கத்திலிருந்த எண்ணெய்ப் பேசினுக்குள் தள்ளி, பாயைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

ஜெபப் பாட்டின் இரண்டாவது அடியில்தான், மூடிகளெல்லாம் ஜோடி கலந்துவிட்டன என்று எனக்குச் சுரீரென்றது. அதற்குப்பின் கர்த்தர் என்ன சொன்னார், நான் என்ன கேட்டேன், ஒன்றும் தெரியாது.

மணி மறுபடி அடித்து ஊர் அசைந்ததும் பெலெனாதோ உளியோடு வந்தான். பாயை விலக்கிப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொரு மூடியாக ஒவ்வொரு ராடிலும் பொருத்தி, சேரும் இடத்தை நகத்தால் தடவித் தடவிப் பார்த்தான். ஒரே ஒரு ஜோடிதான் நிச்சயம் என்றான்.

"மத்ததெல்லாம் குத்துமதிப்பா போட முடியாது மச்சான். ஆப்பியா பட்டறைல குடுத்துக் கடையணும். அது வர்றப்ப நான் இங்க இருக்கமாட்டேன்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பேசினை எட்டி உதைத்தேன். மணியைத் திட்டினேன், காவல் பையன்களைத் திட்டினேன், அவன் குடித்த கொக்கோவையும் விட்டுவைக்கவில்லை. சத்தம் கேட்டுச் சேலா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். எல்லாம் உனக்காகத்தானே செய்தேன், இனிமேல் மாதக்கணக்கில் பஸ்தான் என்று அவளிடமும் கத்தினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான் உங்கிட்ட காரு கேட்டேனா மாலாகி?" என்றாள்.

"பஸ்ல வாந்தி எடுக்கறயே."

"கார்லயும்தான் எடுத்தேன். பின்சீட்ல, தனியா. நீ ரோட்டப் பாத்துக்கிட்டு இருப்ப. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிட்டு சவாரிக்குப் போயிடுவ. பஸ்ல போக ஆரம்பிச்சப்பறம்தான் நாள் பூரா எம்பக்கத்துல இருக்க."

பெலெனாதோ உளியைத் துடைப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான். நான் உதைத்த பேசினை நிமிர்த்தி, சிதறிய மூடிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் நல்ல கூட்டம். ராடுகளும் மூடிகளும் சாக்கில் என் காலடியில் கிடந்தன, போகிற வழியில் பட்டறையில் கொடுக்க. பாதி வழியில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். எங்கள் ஊர் வழக்கப்படி சேலா தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு என் மடியில் உட்கார்ந்தாள். மலை ஏறுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். என் கால் இரண்டும் மரத்துப் போயின. நான் அசையவில்லை.