ஐந்து முறை கட்டிய பெட்டி

எங்கள் தீவில் சாகலாம், பிள்ளை பெற முடியாது. சுகாதார நிலையத்தில் இருக்கிற டாக்டர், கட்டாயப் பட்டாளச் சேவைக்குப் பதிலாக இங்கே வந்து மூன்று வருஷத்தை ஓட்டுகிற பையன். காய்ச்சலுக்கு ஊசி போடுவான், கையில் தூண்டில் முள் ஏறினால் எடுப்பான். என் வயிற்றைப் பார்த்தால் மட்டும் நாற்காலியோடு இரண்டடி பின்னால் போய்விடுவான். "அக்கா, நீங்க சீக்கிரமா அக்கரைக்குப் போயிடுங்க." ஒன்பது மாதமும் அவன் எனக்குச் சொன்ன வைத்தியம் இதுதான்.

அக்கரை என்றால் போஹாங், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற துறைமுக நகரம். கடல் நன்றாக இருந்தால் மூன்றரை மணி நேரம். நன்றாக இல்லாவிட்டால் கப்பலே கிடையாது, நேரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மூத்தவள் போரமை அங்கேதான் பெற்றேன். இப்போது அவளுக்கு ஆறு வயது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அப்போது என் புருஷன் தால்சு கணவாய் மீன் பிடிக்கிற படகில் இருந்தார். "ரெண்டு நாள் கழிச்சு வந்துடறேன், நீ முன்னாடி போ" என்று அனுப்பினார். மறுநாள் கடல் மூடிக்கொண்டது. மகள் முகத்தை அவர் பார்த்தது ஒன்பதாம் நாள். தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கழிவறைக்கு நானே போய் நானே வந்தேன். பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் அவளுக்குப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஒன்று நீட்டினான். வாங்கித் தின்றேன், அழுகையாக வந்தது. அதை நான் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

அதனால் இந்தத் தடவை அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"நான் ஏறுற கப்பல்லயே நீங்களும் ஏறணும். அப்புறம் வர்றேன் கிப்புறம் வர்றேன்னு சொல்லக் கூடாது."

"சரி."

"சரின்னா?"

"ஏறுறேன்னுதான சொல்றேன். எழுதியா குடுக்கணும்?"

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். பத்து நாள் முன்னதாகவே வந்து பக்கத்தில் அறை எடுத்துத் தங்கும்படி சொல்லிவிட்டார்கள். ஜனவரிக் கடலை நம்ப முடியாது என்று ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் தெரியும்.

பெட்டி கட்டுவது பெரிய வேலை இல்லை. முன்பக்கம் திறக்கிற இரவு உடை இரண்டு, கால் சூடு போகாமலிருக்கக் கம்பளிக் காலுறை, வயிற்றுக்குக் கட்டுகிற பட்டை, கொதிக்க வைத்து உலர்த்தி மடித்த மெல்லிய துணிகள் முப்பது, குழந்தைக்குக் கயிறு வைத்த சட்டை, ஃபிளாஸ்க், படுத்தபடியே தண்ணீர் குடிக்க வளைகிற ஸ்ட்ரா ஒரு கட்டு. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பெரிய வேலை, விட்டுப் போகிற வீட்டைக் கட்டி வைப்பதுதான். என் ஆபரேஷனுக்கு மற்றவர்கள் சாப்பாட்டை நான் தயார் செய்ய வேண்டும், இது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. மாட்டெலும்பு வாங்கி, ஊற வைத்து, ரத்தத்தைக் கழுவி, இரண்டு நாள் விடாமல் கொதிக்க வைத்தேன். எலும்பு அடுப்பில் ஏறினாலே எங்கள் ஊர் ஆண்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பெண்டாட்டி நீண்ட நாளைக்குக் கிளம்புகிறாள் என்று அர்த்தம். வெள்ளை வெளேரென்று இறங்கிய சூப்பை ஒரு வேளைக்கு ஒன்றாகப் பொட்டலம் போட்டு உறைய வைத்தேன். நாற்பத்திரண்டு பொட்டலம். நிமிர்ந்தபோது இடுப்பு என்னுடையதாக இல்லை.

மாமியார் கடைசியாக வந்து பாசியை நீட்டினார். பிரசவித்தவளுக்குச் சூப் வைக்கிற கடற்பாசி, ஒரு கைக்கும் மேல் நீளம், பலகை மாதிரி உலர்ந்தது. அதை மடிக்கக் கூடாது, ஒடிக்கக் கூடாது. ஒடித்தால் பிரசவம் சிக்கலாகும் என்பார்கள். பெட்டியில் அது அடங்கவில்லை. தால்சு உதவி செய்கிறேன் என்று அதை இரண்டாக மடக்கப் போனார்.

"கைய ஒடச்சிருவேன்!" என்று பாய்ந்தார் மாமியார். "பெட்டிக்குள்ள வைக்கிற சாமானா இது? கையில புடிச்சுக்கிட்டுப் போடா."

"கொடி மாதிரியா?"

"ஆமா, கொடி மாதிரிதான். நான் அஞ்சு பெத்தேன், அஞ்சுக்கும் பாசி ஒடியல."

"அவ வயித்த டாக்டர்தான் கிழிக்கப் போறாரு. பாசி என்னம்மா செய்யும்?"

"நீ வாய மூடு."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கப்பல் ஆபீஸிலிருந்து செய்தி வந்தது. அலை அதிகம், இன்று கப்பல் இல்லை.

அப்படியே நான்கு நாள். காலையில் செய்தி, உடனே பெட்டியைத் திறப்பது. பல் துலக்க வேண்டாமா? பிரஷ் அதற்குள்தானே இருக்கிறது. உள்ளாடை வேண்டும், எடுத்தேன். போரம் பால் குடிக்க வளைகிற ஸ்ட்ராவைக் கண்டுபிடித்துவிட்டாள், நாளுக்கு மூன்று போயிற்று. மூன்றாம் நாள் தால்சு என் கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து டிவி பார்க்கிறார். "குளிருதே" என்றார். எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. சாயங்காலமானால் எல்லாவற்றையும் துவைத்து, காய வைத்து, மறுபடி கட்ட வேண்டும். வயிறு முன்னால் முட்டும், குனிய முடியாது. பெட்டியைக் கட்டில் மேல் ஏற்றி, மண்டியிட்டுக் கட்டினேன். ஒருமுறை மண்டியிட்டபடியே பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கிப்போனேன். போரம்தான் எழுப்பினாள்.

சாப்பாட்டுக்கும் சூப்தான். வேறு ஏதாவது செய்ய எனக்குக் கை எழவில்லை. நான் போன பிறகு அவர்கள் சாப்பிட வேண்டியதை நானே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

"இன்னிக்கும் சூப்பா?" என்றாள் போரம்.

"கடல்கிட்டப் போய்க் கேளு" என்றேன்.

இந்த நான்கு நாளும் எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கப்பல் போகாத கடலில் கணவாய்ப் படகும் போகாது. தால்சு வீட்டிலேயே இருக்கிறார். நல்லது. ஆனால் கப்பலுக்குக் கடல் திறக்கிற நாளில்தான் படகுக்கும் திறக்கும். அதுவும் நான்கு நாள் புயலுக்குப் பிறகு முதல் நாள். ஊரில் கணவாயே இருக்காது, கிடைத்ததெல்லாம் கேட்ட விலைக்குப் போகும். அந்த ஒரு நாளை எந்தப் படகும் விடாது. அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. இரண்டு பேரும் வாயில் சூப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஐந்தாம் நாள் காலை செய்தி வந்தது. கப்பல் போஹாங்கிலிருந்து கிளம்புகிறது, மதியம் இரண்டு மணிக்கு இங்கிருந்து திரும்பும். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தால்சுவின் போன் அடித்தது. படகுத் தலைவர் சோக்பே. தால்சு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசினார். நான் பெட்டி மூடியில் கை வைத்தபடி வாசலையே பார்த்தேன்.

உள்ளே வந்தார். "பெட்டிய மூடட்டுமா?" என்றார்.

துறைமுகத்தில் நான்கு நாள் தேங்கின கூட்டம். மாமியார் போரமைக் கையில் பிடித்துக்கொண்டு வழியனுப்ப வந்தார். தால்சு ஒரு கையில் பெட்டியும் மறு கையில் நெட்டுக்குத்தாகப் பாசியுமாக நின்றார். அந்தப் பக்கம் படகுகள் எல்லாம் இன்ஜினைப் போட்டுவிட்டன. புகை வாடையில் எனக்குக் குமட்டியது. ரப்பர் பூட்ஸ் சத்தம் போட, சோக்பே அண்ணன் நேராக எங்களிடம் வந்தார்.

"ஒரே ஒரு ராத்திரிப்பா. விடிஞ்சா கரைக்கு வந்துடுவோம். நாளைக்கு இதே கப்பல்ல ஏறிக்க. இன்ஜினுக்கு உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"நாளைக்குக் கப்பல் போகும்னு யாருண்ணே சொன்னது?" என்றார் தால்சு. ஆனால் குரலில் வலுவில்லை. கண் படகுப் பக்கமே போனது.

மாமியார் இருமினார். "ஏம்மா, இப்ப என்ன, வலியா வந்துடுச்சு? இன்னும் ஆறு நாள் இருக்குல்ல. ரெண்டு நாள் கழிச்சு வரட்டுமே."

சோக்பே அண்ணன் என் பக்கம் திரும்பினார். "போரம் அம்மா, நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். அந்த ஒரு வார்த்தை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். 'பரவாயில்ல, நீங்க போங்க.' பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழுவழுப்பான வார்த்தை. கல்யாணமான நாலாம் நாள் சொன்னேன். என் அப்பா செத்த அன்றைக்குச் சொன்னேன். போரமைச் சுமந்துகொண்டு இதே இடத்தில் நின்று சொன்னேன். இப்போதும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் தானாக விழுந்துவிடும்.

நான் வாயைத் திறக்கவில்லை. வீராப்பு ஒன்றும் இல்லை. கோபம்கூட இல்லை. அதைச் சொல்ல அலுத்துப்போயிற்று, அவ்வளவுதான். கால் வீங்கியிருந்தது, இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒரு வார்த்தை பேசுகிற பலத்தைக் கூட யாருக்கும் தருவதாக இல்லை. கப்பல் கயிறு கட்டுகிற குட்டை இரும்புத் தூணின் மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்து கடலைப் பார்த்தேன்.

சோக்பே அண்ணன் பூட்ஸால் தரையைத் தேய்த்தார். மாமியார் என்னமோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

"அண்ணே, வேற ஆளப் பாருங்க" என்றார் தால்சு.

"டேய்."

"வேற ஆளப் பாருங்கண்ணே. நான் இவகூடப் போறேன்."

போரம் அண்ணாந்து கேட்டாள். "அப்பாவும் போறாரா? அப்போ சூப் முழுக்க நானும் பாட்டியுமா குடிக்கணும்?"

யாரும் சிரிக்கவில்லை. அவளைக் கட்டிக்கொண்டேன். குனிய முடியாமல் அவள் தலையைத்தான் வயிற்றோடு சேர்த்துக்கொள்ள முடிந்தது. பிறகு தால்சு முன்னால் நடந்தார், நான் பின்னால் ஏறினேன். இருக்கையில் உட்காரும்வரை எனக்கு நம்பிக்கை இல்லை. கப்பல் கயிற்றை அவிழ்த்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

துறைமுக வாயைத் தாண்டியதும் கப்பல் ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. புயல் போனாலும் அலை போகவில்லை. தால்சு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கணவாய்ப் படகுகள் வரிசையாக வெளியே போவது தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர் முகம் வெளிறி, பச்சையாகி, வியர்த்தது. வாயைப் பொத்தினார். நான் இருக்கைப் பையிலிருந்து கவரை உருவி அவர் மோவாய்க்குக் கீழே பிடித்தேன்.

"பதினஞ்சு வருஷமாக் கடல்ல இருக்கீங்க."

"படகுல... நிப்போம்ல. இங்க மூடி வச்சிருக்கான்..." அதற்கு மேல் முடியவில்லை.

ஒன்பது மாத வயிறு ஒரு பக்கம் இடிக்க, ஒரு கையால் கவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் முதுகைத் தடவினேன். எனக்கு உதவிக்கு வந்த ஆள்! எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அவரால் எடுக்க முடியவில்லை. நான் எடுத்தேன். சோக்பே அண்ணன்.

"தால்சு எங்க? ஜெனரேட்டர் சாவிய எங்க வச்சான்?"

கேட்டுச் சொன்னேன். தால்சு தலையைத் தூக்காமலே, "அரிசி டப்பாவுல" என்றார்.

"அரிசி டப்பாவுலயாம்ண்ணே."

"போன அவன்கிட்ட குடு."

"முடியாதுண்ணே. வாந்தி எடுக்குறாரு."

இன்ஜின் இரைச்சலையும் மீறி அவர் சிரித்தார். படகில் யாரிடமோ சொல்லி அவர்களும் சிரிப்பது கேட்டது. "அடப்பாவி. சரி, அவனப் பாத்துக்கம்மா. உன்னப் பாத்துக்கப் பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றேன். "என் வீட்டுக்காரரு இருக்காரு."

சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடம், கேட்டாரோ இல்லையோ என்று, இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.