தாலிக்கயிற்று ஊக்கு

மலைச்சாமிக்குப் பிரஷர் இருப்பது அவனுக்கே ஒரு வேடிக்கை. நிலக்கோட்டையிலிருந்து வேனில் பூ ஏற்றிவந்து திண்டுக்கல்லில் இறக்கிவிட்டு, நான் வேலை பார்த்த மருந்துக்கடைக்கு வருவான். எப்போது பார்த்தாலும் இருநூறுக்குக் குறையாது. மாத்திரை எடுத்து வைத்தால் பாதியைத் திருப்பித் தள்ளுவான்.

“ஏலே சேவியரு, தலைசுத்தல் இல்ல, மயக்கம் இல்ல. நீ இந்தப் பட்டையைக் கட்டி அமுக்குறப்பத்தாம்லே எனக்கு நோவே வருது.”

பத்து வருடம் அப்படியே ஓடியது.

1994 சித்திரையில் ஒரு மதியம், அவன் மனைவி முத்துப்பேச்சி அவனை ஆட்டோவில் கூட்டிவந்தாள். காலையிலிருந்து தலைவலி, இரண்டு முறை வாந்தி, கண் மங்கல். கடை பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்தேன். இருநூற்று நாற்பது. இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருந்தது. நான் அனுப்பவில்லை. பிரஷரைச் சட்டென்று இறக்க எனக்கு ஒரு வித்தை தெரிந்திருந்தது. அப்போது பல இடங்களில் செய்ததுதான். அதற்கென்று ஒரு கேப்சூல் உண்டு. அதைக் குத்தி, உள்ளே இருக்கும் மருந்தை நாக்கின் அடியில் பிழிய வேண்டும்.

“ஊக்கு இருக்காம்மா?”

தாலிக்கயிற்றில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள்.

பாதரசம் இறங்குவதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டையைக் கட்டினேன். இருநூறு, நூற்று அறுபது. இருபதாவது நிமிடம் நூற்றிருபது.

“பாத்தியாம்மா, எளவட்டப் பய பிரஷரு!” என்று சிரித்தேன். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டு ஊக்கைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். மலைச்சாமிதான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தது. வலது கை மடியிலிருந்து நழுவி பெஞ்சுக்குக் கீழே ஆடியது.

உயிர் தங்கியது. பேச்சும் வலது பக்கமும் திரும்பவில்லை. பிரஷர் ஏறியதால் வந்த வினை என்று ஊர் பேசியது. நானும் அப்படித்தான் நம்பினேன். முத்துப்பேச்சிக்கு மட்டும் வேறு காரணம் இருந்தது.

“காலையில தலை வெடிக்குதுன்னாருண்ணே. பூவு வாடுது, வெடிச்சுத் தொலையட்டும், வண்டிய எடுன்னேன். என் வாய்தாண்ணே.”

மாதம் ஒருமுறை பிரஷர் கருவியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போவேன். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லுவாள்.

மூன்று வருடம் கழித்து, எங்கள் தெருவில் புதிதாகக் கிளினிக் திறந்த டாக்டர் மலர்விழி, அந்தக் கேப்சூலை இனி யார் நாக்கிலும் பிழியாதீர்கள் என்றார். ஏன் என்று கேட்டேன். ஒரு சீட்டின் பின்புறம் படம் போட்டுக் காட்டினார்.

மண்டை ஓடு விரியாத பெட்டி. அதற்குள் மூளை, ரத்தம், கொஞ்சம் நீர். ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும். இடம் போதாவிட்டால் உள்ளே இறுக்கம் ஏறும். வருடக்கணக்காகப் பிரஷர் இருப்பவருக்கு மூளையின் சிறு குழாய்கள் சுவர் தடித்து, ஒடுங்கி, அந்த வேகம் மூளைக்குள் பாயாதபடி தடுத்துப் பழகிவிடுகின்றன. பிரஷர் அந்தத் தடுப்பையும் மீறும்போது நீர் கசிந்து மூளை வீங்குகிறது. தலைவலி, வாந்தி, கண் மங்கல். இப்போது ரத்தம் அந்த இறுக்கத்தை எதிர்த்து ஏற வேண்டியிருக்கிறது.

“அந்த நேரத்துல மெதுவா, மணிக்கணக்குல, கொஞ்சமாத்தான் கொறைக்கணும். சட்டுனு எறக்கினா தடிச்ச குழாய் விரிஞ்சு கொடுக்காது, மூளைக்கு ரத்தம் எட்டாது. உங்களுக்கு நூத்திருபது சரி. அவங்களுக்கு அது வறட்சி.”

எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த கணம் பெஞ்சுக்குக் கீழே ஆடிய கை நினைவுக்கு வந்தது. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், மாதாமாதம் பிரஷர் பார்க்கும் நாளில், அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் மல்லிகைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மலைச்சாமி கட்டிலில் சாய்ந்திருக்க, முத்துப்பேச்சி கஞ்சி புகட்டினாள். அவள் வழக்கமானதைத் தொடங்குமுன் கேட்டேன்.

“ஒங்க கடைசிப் பாத்தி மேடுதானம்மா? மோட்டாரு வேகம் திடீர்னு கொறஞ்சா எது காயும்?”

“அதுதான் காயும். ஏண்ணே?”

“அன்னைக்கு இவன் தலைக்கு ரத்தம் மேட்டுல ஏறிட்டிருந்துச்சு. வேகத்தக் கொறச்சவன் நான். ஒன் வாய் இல்லம்மா. என் மருந்து.”

சீட்டை விரித்துக் குழாய், பெட்டி, நீர் எல்லாம் சொன்னேன். கிண்ணத்தில் கஞ்சி ஆடை கட்டியது.

“எப்பத் தெரியும் ஒங்களுக்கு?”

“முந்தாநாளு.”

“ஆஸ்பத்திரி ரெண்டு தெருதானேண்ணே?”

“ஆமாம்மா.”

அவள் கை தாலிக்கயிற்றுக்குப் போய், ஊக்கின் மேல் நின்றது. கழற்றவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.

எங்கள் பேச்சு நின்றதும், வழக்கம்போல மலைச்சாமி இடது கையை என் பக்கம் நீட்டினான். பட்டை கட்டுவதற்குத் தோதாகச் சட்டைக் கை ஏற்கெனவே மடித்து விடப்பட்டிருந்தது. நான் வருவேன் என்று அவள்தான் காலையில் மடித்துவிட்டிருக்க வேண்டும்.

முத்துப்பேச்சி அதை ஒவ்வொரு மடிப்பாக இறக்கிவிட்டாள். அவன் கையைப் பிடித்து அவன் மடியில் வைத்தாள்.

“நீங்க கெளம்புங்கண்ணே,” என்றாள். “இனிமே ஆஸ்பத்திரியில பாத்துக்குறோம்.”