நாற்பது நாள் தொட்டி

அஸ்கரி பேகம் இறந்து நான்கு வருடமாகியும் அந்த வீட்டில் அவள் சொன்னபடிதான் நடந்தது. மண்டபம் கடலோரத்தில் வளர்ந்தவள், கல்யாணமாகித் தர்மபுரிக்கு வந்தபோது கடல்மீன்களையும் கொண்டுவந்தாள். கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இப்போது மிச்சம் ஒன்றுதான்; ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது. அவள் கணவர் கவுஸ் பாஷா தினமும் ரேடியோ கடைக்குக் கிளம்புமுன் அதற்குத் தீனி போட்டு, ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போவார்.

இரண்டாம் தாரமாக வந்த ஜுபைதா அதற்கொரு துணையை மண்டபத்திலிருந்து வரவழைத்தாள்.

புது மீனை நேரே தொட்டியில் விடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதன் உடம்பில் இருக்கலாம். நாற்பது நாள் பின்னறையில் தனித் தொட்டி, தனி வலை. அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடத்துக்கு வரக் கூடாது. அஸ்கரியின் கையெழுத்தில் இது சுவரில் ஒட்டியிருந்தது. ஜுபைதா ஒரு வரி பிசகவில்லை.

ஆனால் தினமும் விடிந்து பார்த்தால் பின்னறைத் தரையில் ஈரம்.

"அவதான் வந்து பாத்துட்டுப் போறா," என்றாள் நாத்தனார் ஷரீபுன்னிசா, கவுஸ் பாஷாவின் அக்கா. "தன் வூட்டுக்குப் புதுசா யாரு வந்திருக்கான்னு."

"மீனையா ஆபா, என்னையா?"

"ரெண்டும் புதுசுதானே!"

ஜுபைதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறைக்குள் போனாலே முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது.

இருபத்து மூன்றாம் நாள் விடியற்காலையில் பின்னறையில் தண்ணீர் சலசலத்தது. ஜுபைதா எழுந்து போய்க் கதவிடுக்கில் பார்த்தாள். கவுஸ் பாஷா. முழங்கைவரை தொட்டிக்குள் விட்டிருந்தார். புது மீன் அவர் விரலைக் கொத்த, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு வருடத்தில் அவள் காணாத சிரிப்பு. பிறகு கையை உதறிவிட்டுக் கூடத்துக்குப் போய், அதே ஈரக்கையால் பழைய மீனுக்குத் தீனி போட்டார். ஜுபைதா கத்தியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு அவள் வாயை அடைத்துவிட்டது.

அதற்கு மூன்றாம் நாள் பழைய மீனின் உடம்பெங்கும் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

"எப்படி வந்துச்சு இது?" என்றாள் ஷரீபுன்னிசா.

கவுஸ் பாஷாவின் முகம் வெளுத்தது. நான்கு வருடம் முன்பு சென்னையிலிருந்து அம்மை நோயோடு வந்தவர் அவர். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட அஸ்கரிக்கு அது தொற்றியது. அவர் பிழைத்தார், அவள் பிழைக்கவில்லை. இதுவும் உங்கள் கையால்தான் என்று எப்படிச் சொல்வது?

"நான்தான், ஆபா. வலையை மாத்திப் போட்டுட்டேன்," என்றாள் ஜுபைதா.

அக்கா உள்ளே போனதும் அவர் தொட்டியருகே வந்தார்.

"பொய் சொல்லாதே. கைய வுட்டது நான்." தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "அஸ்கரி மீனைத் தள்ளி வெக்கத் தெரிஞ்சவ, என்னைத் தள்ளி வெக்கலியே. கதவைச் சாத்திக்கிட்டுப் போடின்னு எவ்வளவோ சொன்னேன்."

ஜுபைதா வலையை எடுத்தாள். பழைய மீனைப் பின்னறைத் தொட்டிக்கே, புது மீனோடு மாற்றினாள். பூச்சியைக் கொல்லும் மயில்துத்தம் கரைத்த நீரை மை ஊற்றும் ஃபில்லரில் எடுத்து நீட்டினாள்.

"நீங்க போடுங்க."

"என் கை வேணாம்."

"உங்க கைதான் வேணும்."

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சொட்டுச் சொட்டாக விழுந்தது.

மருந்து போட்ட ஆறாம் நாள் புள்ளிகள் உதிர்ந்து, பழைய மீன் இறால் துணுக்கைக் கவ்வியது. கவுஸ் பாஷா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் காலித் தொட்டிக்குள் காற்றுக்குமிழி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

"அவகிட்டச் சொல்லிட்டு வந்துடறேன்," என்று எழுந்து கூடத்துக்குப் போனார்.

ஜுபைதா பின்னால் போகவில்லை.