எங்கே மாட்டுவது?

மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர், புரொஜெக்டர் என்று எது வந்தாலும் அது அங்குள்ள இன்ஜினியர் தலையில்தான் விடியும். அதனால் ஆசிரியர்கள் அவருக்கு 'வயர் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்ததே அவருடைய மனைவிதான் என்றும் ஒரு பேச்சு உண்டு. மனைவி அதே மாவட்டத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் ஆபீஸ் பேச்சு கூடாது என்பது இருவருக்குள்ளும் ஒப்பந்தம்.

அன்று அதை மீறியது வயர் சார்தான். பெருமை தாங்கவில்லை, பாவம். வீட்டு டிவி டீச்சர் பார்த்து மாட்டவைத்த மூலையில் இருந்தது. வயர் சாரின் நாற்காலியிலிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும். வழக்கம்போலக் கழுத்தைத் திருகிக்கொண்டு அதைப் பார்த்தபடியே சாப்பிட்டவர், விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"நாளைக்கு உங்க ஸ்கூல்ல எல்லா வகுப்புக்கும் ஸ்மார்ட் போர்டு மாட்டறோம்."

"எங்க மாட்டுவீங்க?"

"நடுச்சுவத்துலதான்."

"அங்க கரும்பலகை இருக்கே."

"அதுமேலயேதான். நாலு போல்ட்டு, வேலை முடிஞ்சுது."

டீச்சரின் கை தட்டிலேயே நின்றது. "யாரைக் கேட்டு?"

கமிட்டியைக் கேட்டுத்தான். இயக்குநர், கணக்குப் பிரிவு மேலாளர், கம்பெனிக்காரர், இவர். எந்த போர்டை வாங்குவது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட கமிட்டி அது. எங்கே மாட்டுவது என்ற கேள்வி மட்டும் வந்த வேகத்தில் போய்விட்டது. வயர் சார் ஒரு படம் வரைந்து நீட்டினார், எல்லோரும் தலையாட்டினார்கள். இதைச் சொல்லும்போதே அவருக்கு உள்ளே சுருக்கென்றது.

"வகுப்புல நிக்கறவங்க ஒருத்தரையும் கேக்கலை, அப்படித்தானே?" என்று கேட்டுவிட்டு டீச்சர் தட்டோடு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

மறுநாள் வயர் சார் பள்ளிக்குப் போனபோது, டீச்சரின் வகுப்பு வாசலில் ஃபிட்டர் துளைபோடும் மெஷினோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே கரும்பலகையின் இடது ஓரத்தில் தொடங்கிய ஒரு கணக்கு வலது ஓரம்வரை நீண்டிருந்தது.

"அழிச்சுட்டீங்கன்னா ஆரம்பிச்சுடுவேன் டீச்சர்."

"மணி அடிக்கட்டும்."

வயர் சார் சத்தம் போடாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. நீளமான கணக்கு என்றால் ஏதோ ஒரு வரியில் வேண்டுமென்றே ஒரு தப்பை விட்டுவைப்பார். மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் அதைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுப்பாடம் இரண்டு மடங்கு. வகுப்பே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தது. வயர் சாரும் ஓட்டினார். இன்ஜினியரிங் படித்த மனுஷர், ஒன்றும் சிக்கவில்லை. அவருக்கு எரிச்சலாக வந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் துள்ளி எழுந்தாள். "டீச்சர்! இடது ஓரத்துல மூணாவது வரி! மைனஸ் போய் பிளஸ் வந்துடுச்சு!"

வகுப்பு ஓவென்று கத்தியது. வயர் சாரும் தன்னை மறந்து கைதட்டினார்.

தட்டிய கை பாதியில் நின்றது. தான் வாங்கிய போர்டின் அகலம் அவருக்குத் தெரியும். அதில் இந்தக் கணக்கு ஒவ்வொரு பக்கமாகத்தான் வரும்; அந்த மூன்றாவது வரி எப்போதோ கண்ணைவிட்டுப் போயிருக்கும். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. ஃபிட்டரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இயக்குநருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அந்தப் படத்தைப் போட்டது யாருய்யா?"

"நான்தான் சார். தப்பு என்னோடதுதான்."

வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டார். கடைசியில் இயக்குநர், "சரி, எங்கதான் மாட்டறது?" என்றார்.

"வகுப்புல நிக்கறவங்களே சொல்லட்டும் சார்."

அப்படியே முடிவானது. ஒவ்வொரு ஆசிரியரும் சாக்பீஸால் வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும். கணக்கு டீச்சர் பக்கச்சுவரில் போட்டார். மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் நேராகப் போய் நடுச்சுவரில், கரும்பலகை மேலேயே போட்டார்கள்.

வயர் சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்தார்.

"நான் வரைஞ்ச இடத்துலயே போட்டிருக்காங்க! இதுக்கா நான் டைரக்டர்கிட்ட திட்டு வாங்கினேன்?"

டீச்சருக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. "அது இப்போ அவங்க போட்ட இடம். நாளைக்கு போர்டு சரியில்லைன்னு உங்களை ஒருத்தரும் திட்ட முடியாது பாருங்க."

அது வயர் சாருக்குப் பிடித்திருந்தது. முகம் தெளிந்தது. சட்டைப்பையைத் தடவினார், மிச்சம் ஒரு சாக்பீஸ் கிடந்தது. எழுந்து போய், தன் நாற்காலிக்கு நேரெதிர்ச் சுவரில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். பிறகு மூலையில் இருந்த டிவியைப் பார்த்தார்.

டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "யாரைக் கேட்டு?"

வயர் சார் அந்தக் குறியைக் கையாலேயே அழித்துவிட்டு, சாக்பீஸை மனைவியிடம் நீட்டினார்.

டீச்சர் அதை வாங்கிக்கொண்டு, அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்து, கழுத்தைத் திருகி மூலையைப் பார்த்தார். "அடப்பாவமே, இத்தனை வருஷமா இப்படியா பாத்தீங்க?" என்று எழுந்துவந்து, அவர் அழித்த இடத்திலேயே மறுபடியும் ஒரு குறி போட்டார்.