வீட்டுச் சாட்சி

பஸ் டிப்போவில் அவளுக்குப் பெயர் 'பிரேக் அக்கா'. காலையில் வண்டிகள் வெளியே கிளம்புவதற்கு முன் பிரேக் பார்த்து அனுப்புவது அவள் வேலை என்பது பாதிக் காரணம். மீதிக்குக் காரணம் அவளுடைய வாய். யார் எதைச் சொல்லிக்கொண்டு வேகமாக வந்தாலும் அவளிடம் வந்ததும் ஒரு குலுக்கலோடு நின்றுதான் போக வேண்டும். டிரைவர்கள் காதுபடவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி அதை வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவளிடம் போய், பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று சபை நடுவில் எழுந்து சொல்லச் சொன்னால் நடக்குமா?

விஷயம் இதுதான். அவளுடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. நாக்கு மட்டும் தப்பியது. அந்த நாக்கால் உறவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வைத மனிதர், அம்மா பைபிளும் கையுமாகக் கிளம்பும் போதெல்லாம் வாசலில் நின்று கேலி செய்த மனிதர், இப்போது ஞானஸ்நானம் வேண்டும் என்கிறார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதைத்தான். இன்னொரு முறை வந்தால் தாங்காது என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார். அதனால் அவசரம்.

அம்மா போய்வந்த அந்தச் சின்னச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வளர்ந்தவர்கள் ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன், அதே வீட்டில் இருக்கிற ஒருவர் எழுந்து நின்று, 'இவர் மாறியிருக்கிறார், நான் பார்த்தேன்' என்று சொல்ல வேண்டும். அதற்கு வீட்டுச் சாட்சி என்று பெயர். ஊர் கண்ணில் மண்ணைத் தூவலாம், வீட்டுக்குள் எத்தனை நாள் வேஷம் போட முடியும் என்று யோசித்து யாரோ விவரமானவர் ஏற்படுத்தி வைத்தது. சாட்சி இல்லையென்றால் தண்ணீர் இல்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பியை அப்பா பதினேழு வயதிலேயே வீட்டை விட்டுத் துரத்திவிட்டார். மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

"என்னால முடியாது, பாஸ்டர்," என்றாள்.

பாஸ்டர் அவளைவிட வயதில் சின்னவர். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து அறையில் அப்பாவின் கட்டில். கதவு திறந்துதான் இருந்தது. அவள் வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தாள்.

"அக்கா, அவர் மனசார நம்புறார். நான் மாசக்கணக்கா வந்து பேசிட்டிருக்கேன், எனக்குத் தெரியுது. விசுவாசத்தினாலதான் ரட்சிப்பு, நாம செய்யுற எதனாலயும் கிடையாதுன்னு பவுல் எவ்வளவு தெளிவா எழுதியிருக்கார். நான் சம்பாதிச்சேன்னு ஒருத்தனும் மார்தட்டிக்கக் கூடாதுன்னுதான் கடவுள் அதை இலவசமா குடுக்கிறார்."

"யாக்கோபுன்னு ஒருத்தர் எழுதினாரே, உங்க பைபிள்ல அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டாங்களா? கிரியை இல்லாத, செய்கையில காட்டாத விசுவாசம் செத்ததுன்னு எங்கம்மா வாய் ஓயாம சொல்லுவாங்க."

"அது வேற சூழ்நிலைல எழுதினதுக்கா..."

"மாட்டிக்கிட்டா எல்லாமே வேற சூழ்நிலைதான். சரி, நான் ஒண்ணு கேக்கறேன். விசுவாசம் மட்டும் போதும்னா என் சாட்சி எதுக்கு உங்களுக்கு? நீங்களே தண்ணிய ஊத்திட்டுப் போயிடலாமே? அவர் வாய்ச்சொல்லை உங்க சபையே நம்பலை. அதனாலதானே என் வாயைக் கேக்குறீங்க?"

பாஸ்டர் மடியில் இருந்த ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். அவளுக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவர் டீயைத் தொடவில்லை. ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, "நானும் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க," என்றார். "ஒரு வருஷமா அவரைக் குளிப்பாட்டுறீங்க, ஊட்டி விடுறீங்க, ராத்திரி எழுந்து புரட்டிப் படுக்க வைக்கிறீங்க. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா இந்த மனுஷன் மாறுவார்னு ஒரு நாளாவது நம்பிச் செஞ்சீங்களா? அவர் விசுவாசம் கிரியை இல்லாம செத்துக் கிடக்குன்னா, உங்க கிரியை எதை நம்பி நடக்குது?"

"நான் செய்ய வேண்டியதைச் செய்யுறேன். அவர் எனக்குச் செய்யாததை நான் அவருக்குச் செய்யுறேன். அது அவருக்கு உறைக்கட்டும்."

"அதான். அதைத்தான் பவுல் மார்தட்டுறதுன்னு சொன்னார்."

அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. "உங்க பைக் வழில நிக்குது பாஸ்டர், எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க," என்றாள். அவரும் எழுந்து போய்விட்டார்.

பைக் சத்தம் தெரு திரும்பி மறைந்ததும் உள்ளே இருந்து அப்பாவின் குரல் வந்தது. முன்பு இருந்த இடி முழக்கம் இல்லை. ஒவ்வொரு சொல்லாகத் தள்ளிக்கொண்டு வந்து வெளியே விடுகிற குரல்.

"நான் என்ன செய்யணும்ங்கற, பாப்பா? கையில்ல. காலில்ல. எழுந்து போய் ஊருக்குக் கெணறு வெட்டவா?"

"வாய் இருக்குல்ல? தம்பிக்கு போன் பண்ணுங்க. நம்பரை உங்க போன்ல நானே போட்டு வச்சிருக்கேன்."

எதைப் பற்றிச் சொல்கிறாள் என்பது அப்பாவுக்குத் தெரியும். அம்மா கடைசி வாரத்தில் மகன் பெயரைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டு வந்து, 'சொல்லிட்டேன், வரமாட்டேன்னுட்டான்' என்றார். அடக்கத்தின்போதும் உறவினர்களிடம் அதையே சொன்னார். எல்லாரும் தம்பியைத் தூற்றினார்கள். அவளும்தான் தூற்றினாள். அம்மாவைப் புதைத்த பிறகு, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, தம்பி ஓட்டமும் நடையுமாக வந்து நின்றான். வாசலிலேயே அவனை நிறுத்திவிட்டார் அப்பா. அவர் அன்றைக்கு யாருக்குமே போன் செய்யவில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"கர்த்தர் என்னை மன்னிச்சுட்டார்," என்றார் அப்பா கடைசியில். "பாஸ்டரே சொன்னார். அப்புறம் அவன்கிட்ட வேற எதுக்கு?"

"கர்த்தருக்கா அம்மா செத்தாங்க? அவனுக்குத்தானே செத்தாங்க!"

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் வழக்கம்போல அவருக்கு மருந்து கொடுத்தாள், வாயைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது அம்மாவின் பைபிளைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எடுத்துப் போனாள். பக்தியெல்லாம் ஒன்றும் இல்லை. பாஸ்டர் அடுத்த முறை வரும்போது வாயை அடைப்பதற்கு இன்னும் நாலு வசனம் வேண்டும், அவ்வளவுதான். டிப்போவின் கருவி அறையில், கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து, டீ நேரத்தில் புரட்டினாள்.

"என்னக்கா, பிரேக்குக்கு ஜெபமா?" என்று எலெக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தான்.

"உன் வயரிங்குக்குத்தாண்டா. அதை மனுஷனால காப்பாத்த முடியாது."

முதலில் யாக்கோபைப் படித்தாள். தேன் குடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு வரியிலும் அப்பா தெரிந்தார். பிறகு, எதிரி என்ன சொல்கிறான் என்று பார்ப்போமே என்று பவுலுக்குப் போனாள். அங்கே ஒரு வேடிக்கை. இருவரும் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக ஒரே ஆளைத்தான் இழுத்திருந்தார்கள். ஆபிரகாம் நம்பினதால் நீதிமான் ஆனார் என்கிறார் பவுல். செய்ததால் நீதிமான் ஆனார் என்கிறார் யாக்கோபு. ஒரே ஆள் எப்படி இரண்டு பக்கமும் சாட்சி சொல்வார்? அவளுக்குள் இருந்த டிப்போக்காரி விழித்துக்கொண்டாள். பைபிளின் தொடக்கத்துக்குத் திருப்பி ஆபிரகாமின் கதையையே தேடிப் படித்தாள்.

ஆள் ஒருவர்தான். நாள்தான் வேறு. பிள்ளையும் இல்லை, பிறக்கும் என்ற நம்பிக்கைக்கு உடம்பில் தெம்பும் இல்லை என்று இருந்த கிழவர், ஒரு ராத்திரி வானத்தைப் பார்த்து நின்று, உனக்குப் பிள்ளை உண்டு என்று கடவுள் சொன்னதை நம்பினார். பவுல் பேசுவது அந்த ராத்திரியைப் பற்றி. வருஷங்கள் ஓடி, பிறந்த பிள்ளையையே பலியாகக் கேட்டபோது அவனைக் கையில் பிடித்துக்கொண்டு மலை ஏறினாரே, யாக்கோபு பேசுவது அந்தக் காலையைப் பற்றி. கொண்டுபோக ஒன்றுமில்லாதவனிடம், 'வெறுங்கையோடவே வா' என்கிறார் ஒருவர். வந்து வசதியாக உட்கார்ந்துகொண்டவனிடம், 'நம்புறேங்கறியே, எழுந்திரு பார்க்கலாம்' என்கிறார் இன்னொருவர். சண்டை அவர்களுக்குள் இல்லை. எதிரே இருக்கிற ஆள்தான் வேறு.

அதோடு விட்டிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பாள். ஆனால் பவுல் யாரிடம் அப்படிக் கத்துகிறார் என்று பார்த்தபோது, செய்ததையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு 'எங்கே என் கூலி' என்று நிற்கிற ஆள் தெரிந்தது. அந்த ஆளின் கையில் அப்பாவின் மருந்துக் கிண்ணமும் துடைக்கிற துணியும் இருந்தன. எரிச்சலாக இருந்தது. பைபிளைப் பட்டென்று மூடிவிட்டு, பாவம், அடுத்து வந்த டிரைவரை ஒரு காரணமும் இல்லாமல் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அப்பாவின் பேச்சுக் குரல் கேட்டது. பாஸ்டர்தான் வந்துவிட்டார் போல என்று நினைத்தாள். ஆனால் வாசலில் பைக் இல்லை.

"நான்தான்... அப்பா," என்றது குரல்.

அவள் அறை வாசலில் போய் நின்றாள். போன் அப்பாவின் நெஞ்சில் கிடந்தது. பழக்கமில்லாத இடது கட்டைவிரலால் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராங் நம்பர்னுட்டான்," என்றார். "அவன் குரல்தான். எனக்குத் தெரியாதா?"

மறுநாளும் கூப்பிட்டார். மறுபடியும் ராங் நம்பர். அதற்கு அடுத்த நாள் எடுக்கவே இல்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், ஆனால் அம்மிக்கு அம்மா செத்த கோபம் கிடையாது. அவள் தடுக்கவும் இல்லை, ஊக்கப்படுத்தவும் இல்லை. சனிக்கிழமை அவள் எதிரிலேயே கூப்பிட்டார். எடுத்தவுடன், மூச்சு விடாமல், எங்கே வெட்டிவிடப் போகிறானோ என்ற பயத்தில் சொற்களை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றித் தள்ளினார்.

"வச்சிடாதே. ஒங்கம்மா சாகும்போது ஒன்னத்தான் கேட்டா. நான் ஒனக்குச் சொல்லல. சொன்னேன்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். நீ வரமாட்டேன்னு சொன்னதா சொன்னேன். வாசல்ல வச்சுத் திருப்பி அனுப்பினேன். நான்தான் எல்லாம்."

வெகு நேரம் போன் காதிலேயே இருந்தது. பிறகு அது தானாகச் சரிந்து தலையணையில் விழுந்தது.

"கேட்டான்," என்றார் அப்பா. "மூச்சு கேட்டுது. ஒண்ணும் சொல்லாம வச்சுட்டான்."

"மன்னிப்பானா?"

"தெரியாது. மன்னிக்கலைன்னாலும் அவன் பக்கம்தான் நியாயம்." இடது கையால் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கும் கூப்பிடுவேன்."

அன்று இரவு அவள் பாஸ்டருக்குப் போன் செய்து, "நாளைக்கு வரோம்," என்று மட்டும் சொன்னாள்.

சபை கூடுவது ஒரு நாற்காலிக் கடைக்கு மேல் மாடியில். டிப்போ டிரைவர்கள் இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு அப்பாவைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார்கள். தொட்டியில் இறக்க முடியாது என்பதால் தலையில் ஊற்றுவதாக ஏற்பாடு. சபைச் செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டிருப்பார். அவர்தான் எழுந்து, "வீட்டுச் சாட்சி?" என்று கேட்டார்.

அவள் எழுந்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். பொய்யைச் சொன்னாள், வாசலைச் சொன்னாள், ராங் நம்பரைச் சொன்னாள், கடைசி போனைச் சொன்னாள். அப்பா தலை குனிந்திருந்தார். ஜன்னலோரத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மகனோட இன்னும் சமாதானம் ஆகலை. சகோதரனோட ஒப்புரவாகிட்டு வான்னு வேதத்துல இருக்கே. மகன் மன்னிச்சதுக்கு அப்புறம் இதை வச்சுக்கலாமே?"

பாஸ்டர் வாயைத் திறக்கப் போனார். அவள் முந்திக்கொண்டாள்.

"சார், மன்னிக்கிறது எங்க தம்பி கையில இருக்கு. எங்கப்பா என்ன செஞ்சாலும் அதைச் சம்பாதிக்க முடியாது. அவன் குடுத்தா உண்டு, இல்லைன்னா இல்லை. அதுதான் பவுல் சொன்னது. அது தெரிஞ்சும் தினம் போனை எடுக்கிறாரே, அது யாக்கோபு சொன்னது. இவ்வளவு நாள் கையில ஒண்ணுமில்லைன்னு நானே இவரைத் தடுத்தேன். இப்ப நீங்க தடுக்காதீங்க."

பாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டார். செயலாளர் விடுகிறவராக இல்லை.

"சரிம்மா. மகன் மன்னிக்கலை. நீங்களாவது மன்னிச்சுட்டீங்களா?"

அப்பா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"இல்லை," என்றாள்.

மாடி முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது.

"அப்புறம் எப்படிச் சாட்சி சொல்றீங்க?"

"நான் பார்த்ததைச் சொல்றேன். பார்த்ததைச் சொல்றதுக்கு மன்னிச்சிருக்கணும்னு உங்க சட்டத்துல இல்லை. மன்னிச்சவங்க சொன்னா அது பாசம் சார். நான் இன்னும் மன்னிக்காதவ. நானே சொல்றேன், இந்த மனுஷன் மாறியிருக்கார். இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. பாஸ்டர், தண்ணிய ஊத்துங்க."

பாஸ்டர் ஊற்றினார். தண்ணீர் நெற்றியில் வழிந்து அப்பாவின் கண்ணுக்குள் இறங்கியது. இருந்த ஒரு கையால் அவர் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்ததால் துடைக்க வழியில்லாமல் கண்ணைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் முன்னால் போய் முந்தானையால் துடைத்துவிட்டாள். இன்னும் மன்னிக்காத அந்தக் கையால்தான் துடைத்தாள், எத்தனை பேர் பார்த்தால் என்ன.